வயசானா குரல் நடுங்குவது ஏன்? பாடகர் குழுவில் தொடர்ந்து பாட முடியுமா?

ஜூலை 26-ம் தேதி கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் பாட்டுச் சத்தம் ஓயாது. மணப்பாடு, புன்னைக்காயல் என்று கடற்கரை ஊர்களின் திருவிழாக்களும் அப்படித்தான். சின்ன வயசில் பாடகர் குழுவில் சேர்ந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் பாடுறவங்க இங்கே உண்டு. ஒருநாள் சத்தமில்லாமல் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிடுறவங்களும் உண்டு. கேட்டால், "தொண்டை போயிருச்சு" என்பார்கள்.

உண்மையில் தொண்டை போய்விடுகிறதா?

தொண்டைக்குள் என்ன நடக்குது?

குரல்வளையில் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்வதால்தான் குரல் வருகிறது. வயது ஏறும்போது நாண்களின் தசை மெலிகிறது. குரல்வளையின் குருத்தெலும்பு மெல்ல எலும்பு போல இறுகுகிறது. நாண்கள் முழுசா மூடாமல் இடைவெளி விழுந்தால், அந்த வழியே காற்று கசியும். குரல் காத்தடிச்ச மாதிரி ஆவதும், நீட்டிப் பாடும்போது நடுங்குவதும் இதனால்தான்.

இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் பொதுவாகக் கீழே இறங்கும். வயதான ஆண்களின் குரல் கொஞ்சம் மேலே ஏறும். 30 வயதில் சோப்ரானோ பாடியவர் 65-ல் ஆல்ட்டோவுக்கு மாறுவது தோல்வி இல்லை. உடம்பு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூச்சு எங்கே போச்சு?

முத்துக்குளித்தவர்களின் ஊருக்கு மூச்சைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தம் கட்டி ஒரு நிமிடம் போல கடலடியில் சிப்பி அள்ளியவர்கள் வாழ்ந்த கரை இது. ஆனால் பாட்டுக்குத் தேவை மூச்சை அடக்குவது அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. வயதாகும்போது நெஞ்சுக்கூடு இறுகும், முதுகு கூனும், நுரையீரல் முன்பு போல விரியாது. ஒரே மூச்சில் பாடிய வரிக்கு இப்போது இரண்டு மூச்சு தேவைப்படும்.

தனியாகப் பாடினால் இது உடனே வெளியே தெரிந்துவிடும். குழுவில் தெரியாது. ஆளுக்கு ஒரு இடத்தில் மூச்சு எடுத்துக்கொண்டால், கேட்கிறவர் காதில் பாட்டு அறுபடாமல் போகும். உலகம் முழுக்க கொயர்கள் செய்வது இதைத்தான். இளைஞர்களே இப்படித்தான் பாடுகிறார்கள் என்றால், பெரியவர்கள் ஏன் கூச்சப்படணும்?

பாட்டு கஷ்டமா, படிக்கட்டா?

பலரை நிறுத்துவது குரல் அல்ல. பழைய ஆலயங்கள் சிலவற்றில் பாடகர் இடம் மாடியில் இருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தப் படிக்கட்டே முற்றுப்புள்ளி. ஒரு மணி நேரம் நின்றே பாடணும் என்ற வழக்கம் இன்னொரு காரணம். பொடி எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்த பாட்டுத் தாளும் அப்படியே.

கீழே இறங்கி கீபோர்டு பக்கத்தில் ஒரு நாற்காலி, பெரிய எழுத்தில் பாட்டு, ஒன்றிரண்டு படி இறக்கிய ஸ்கேல். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். உட்கார்ந்து பாடுகிறவர் நாற்காலியின் முன்பக்கத்தில் நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி இருந்தால் மூச்சு நன்றாக வரும். காது மந்தமானவரை ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம். காது மெஷின் பெரும்பாலும் பேச்சுக்காக அமைக்கப்படுவது, சிலருக்கு இசை கரகரவென்று கேட்கும். இசைக்கென்று தனி செட்டிங் இருக்கிறதா என்று அதைப் பொருத்தியவரிடம் கேட்கலாம்.

மாத்திரையும் காரணமா?

இருக்கலாம். பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகள் வறட்டு இருமல் தரும், சில வாயை உலர வைக்கும். ஆடிக் காத்தும் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிப்பது நல்லது. குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அதை வயசு என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

பாடினால் என்ன லாபம்?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 60 வயதைத் தாண்டிய 390 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. ஆறு மாதம் கொயரில் பாடியவர்களிடம் தனிமை உணர்வு குறைந்தது, வாழ்க்கையில் ஆர்வம் கூடியது. ஆனால் ஞாபக சக்தியிலோ உடல் திறனிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. பாட்டு பாடினால் மறதி ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அப்படியே நம்ப வேண்டாம். அதே நாட்டில் 1982-ல் தொடங்கிய 'யங் அட் ஹார்ட்' கொயரில் 70 வயதைத் தாண்டியவர்கள் ராக் பாட்டுகளை மேடையில் பாடுகிறார்கள்.

மறுபடி தொடங்குவது எப்படி?

விட்ட பாட்டைத் திருவிழா அன்றே தொடங்கினால் தொண்டை கட்டிக்கொள்ளும். தினமும் பத்து நிமிடம் வாயை மூடி 'ம்...' என்று முனகுங்கள். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு, குமிழி வரும்படி 'ஊ...' என்று ஒலி எழுப்பலாம். குரல் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் எளிய பயிற்சி இது. கொடியேற்றம் ஜூலை 26 என்றால், மே கடைசியில் தொடங்கினால் சரியாக இருக்கும்.