முதுகுக்கு ஒரு முட்டு

தார் கனத்துச் சாயும் வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுப்பதைக் கொங்கு நாட்டு வாசகர்கள் நன்கு அறிவீர்கள். மனிதனின் முதுகுக்கும் இப்படி முட்டுக் கொடுக்கலாமே என்ற எண்ணம் மிகப் பழையது. மேல்முதுகு வலிக்கென்று இன்று கோவைக் கடைகளில் விற்கும் தோள்பட்டை வார்கள் அந்த எண்ணத்தின் வாரிசுகளே. முட்டு எப்போது பயன்படும், எப்போது பயன்படாது என்பதை மருத்துவ உலகம் கற்ற வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. அதைக் காண்போம்.

16ஆம் நூற்றாண்டில் ஆம்புருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், வளைந்த முதுகுக்கு இரும்புக் கவசம் செய்வித்தார். 1741இல் நிக்கோலா ஆந்திரி என்பவர் வெளியிட்ட நூலில், கோணல் மரம் ஒன்றை நேரான கம்பத்தோடு கயிற்றால் கட்டிய படம் இருந்தது. எலும்பு மருத்துவத்தின் சின்னமாக அப்படம் இன்றும் விளங்குகிறது.

ஆனால் முதுகு வளைவதற்குக் காரணம் ஒன்றல்ல. இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், முதுகு கூனிக் கால்கள் செயலிழக்கும் ஒரு நோயை 1779இல் விவரித்தார். அது முதுகெலும்புக் காசநோய். கிருமிகள் முள்ளெலும்பின் முன்பகுதியை அரித்துவிடுகின்றன, மேலிருக்கும் பாரத்தால் எலும்பு முன்புறமாக நொறுங்குகிறது, கூன் விழுகிறது. காரணமான கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1882இல்தான்.

அதற்குள் நியூயார்க்கில் லூயிஸ் சேயர் ஒரு முறையைப் புகுத்திவிட்டார். நோயாளியின் தலையையும் அக்குளையும் வாரில் தொங்கவிட்டு முதுகை நிமிர்த்தி, உடலைச் சுற்றி மாவுக்கட்டுச் சட்டை போடுவார். 1877இல் இதைப் பற்றி அவர் நூலே எழுதினார். பின்னர் பல பத்தாண்டுகள் படுக்கை ஓய்வும் மாவுக்கட்டுமே சிகிச்சையாயின. பெருந்துறையில் காசநோயாளிகளுக்கென்று சானடோரியம் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஓய்வே மருந்து என்றிருந்த காலம் அது.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோநயாசிடும் வந்தன. கிருமியை மருந்து கொன்றுவிடுமானால் மாவுக்கட்டு எதற்கு? இக்கேள்விக்கு ஊகத்தால் விடை காண முடியாது, சோதனை வேண்டும். கொரியாவின் பூசான் நகரில் நோயுற்ற குழந்தைகள் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் 9 மாதம் மாவுக்கட்டுச் சட்டை போட்டார்கள். சட்டையால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை என்ற முடிவு 1973இல் வெளியாயிற்று.

அடுத்த கட்டம் சென்னையில் நடந்தது. 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு அறுவையும் 6 மாத மருந்தும். மற்ற இரு பிரிவினருக்கு 6 மாதம் அல்லது 9 மாதம் மருந்து மட்டும். மருந்து மட்டும் பெற்றவர்கள் படுக்கையில் கிடக்கவில்லை, நடமாடினார்கள். பத்தாண்டு முடிவுகள் 1999இல் வெளிவந்தன. நல்ல நிலையில் இருந்தோர் அறுவைப் பிரிவில் 90 விழுக்காடு, 6 மாத மருந்துப் பிரிவில் 94, 9 மாதப் பிரிவில் 99! ஒரு விலக்கும் தெரிந்தது: 15 வயதுக்குட்பட்டு, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் விழுந்தவர்களுக்கு 6 மாத மருந்து மட்டும் போதவில்லை, கூன் மிகுந்தது.

அப்படியானால் கவசங்களே வீண்தானா? இல்லை. வளரும் வயதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதுண்டு. அங்கே கோளாறு விசை சார்ந்தது. வளைவின் உச்சியில் ஒரு பக்கமும், அதற்கு மேலும் கீழும் எதிர்ப்பக்கமும் அழுத்தினால் வளைவு மிகாமல் தடுக்கலாம். அமெரிக்காவில் பிளவுன்ட், ஷ்மிட் ஆகியோர் 1940களில் உருவாக்கிய மில்வாக்கி கவசம் புகழ் பெற்றது. அமெரிக்க, கனடிய மருத்துவமனைகளின் ஆய்வு முடிவு 2013இல் வெளியாயிற்று. கவசம் அணிந்தோரில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு 50 பாகையை எட்டவில்லை. அணியாதோரில் 48 விழுக்காட்டினரே தப்பினர். அதிக நேரம் அணிந்தவர்களுக்குப் பயனும் அதிகம்.

தறியின் முன்னும் தையல் எந்திரத்தின் முன்னும் நாள் முழுதும் குனிந்திருப்பவரின் வலி வேறு வகை. தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. தலை முன்னே சாயச் சாய, முதுகெலும்பிலிருந்து அந்த எடையின் தூரம் கூடுகிறது; நெம்புகோல் விதிப்படி, பின்னிருந்து இழுக்கும் தசைகள் மேலும் வலுவாக இழுக்க வேண்டியுள்ளது. தசை களைத்து வலிக்கிறது. தோள்பட்டை வார் நிமிரும்படி நினைவூட்டலாம், தசைக்கு வலுவூட்டாது. இடையிடையே எழுந்து நடப்பதும், வேலை மேசையின் உயரத்தைச் சரிசெய்வதும், பயிற்சியும்தான் வேண்டும்.

வாசகர்களே, முதுகு வலி வாரக்கணக்கில் நீடித்து, மாலைக் காய்ச்சலோ எடை குறைவோ கால் தளர்ச்சியோ சேர்ந்தால் வாரை வாங்கி மாட்டிக்கொண்டு காத்திராதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். காசநோய்க்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.