ரெக்கார்டு நோட்டில் ஒரு பெயர்

பயோகெமிஸ்ட்ரி பிராக்டிகல் செய்த பழைய மாணவர்களுக்கு அந்த நீல நிறம் மறந்திருக்காது. அம்மோனியம் மாலிப்டேட்டை விட்டு, ரெட்யூசிங் ஏஜென்ட் சேர்த்து, சோதனைக் குழாய் நீலமானதும் கலோரிமீட்டரில் அளந்தோமே, ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று! ரெக்கார்டில் அதற்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று தலைப்பு எழுதினோம். "யாரோ ஆந்திராக்காரர் போலிருக்கு" என்றான் பக்கத்தில் நின்றவன். அத்தோடு சரி. அந்த சுப்பாராவ் நம்ம சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். நம் கல்லூரியில் படிக்கும்போது காந்திஜியின் அழைப்பைக் கேட்டுக் கதராடைக்கு மாறினார். ஆபரேஷன் தியேட்டரிலும் கதர்தான். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்தும் 1921-ல் அவர் கைக்கு வந்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள முடியாது, மறைக்கவும் வேண்டாம்.

ஹார்வர்டுக்குப் போனவர், இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துப் படித்தார். 1925-ல் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து அந்தப் பாஸ்பரஸ் கட்டுரை வந்தது. அடுத்து 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. (அதே 1929-ல் ஜெர்மனியில் லோமானும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார்.) ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் வழக்கம் 1960-களில்தான் முறையாகத் தொடங்கியது. அந்தப் பட்டியல்களில் 1925-ஆம் வருடக் கட்டுரை முன்வரிசைக்கு வந்துவிட்டது. உலகத்தில் எந்த லேபில் பாஸ்பரஸ் அளந்தாலும் அதைக் குறிப்பிட்டாக வேண்டுமே! ஆனால் இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்.

கேன்சர் கதை அங்கேதான் ஆரம்பம். அவரது குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. கட்டுரையில் ஆசிரியர்கள் பதினாறு பேர். முதல் பெயர் ஆஞ்சியர், இவர் பெயர் நடுவில் எங்கோ. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்தது! செல் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அப்படியானால் அதைத் தடுக்கும் சரக்கு இருந்தால்? லெடர்லியில் மூலக்கூறின் ஒரு மூலையில் ஹைட்ராக்ஸிலுக்குப் பதிலாக அமினோ குழுவை வைத்தார்கள். செல் ஏமாந்துபோனது. அதுதான் அமினோப்டெரின். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று ஃபார்பர் 1948 ஜூனில் எழுதினார். தணிவு தற்காலிகம்தான். ஆனாலும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தை எழுந்து விளையாடுவதை அதற்குமுன் யார் பார்த்தார்கள்?

இப்போது ஆசிரியர் பெயர்களைப் பாருங்கள். அமினோப்டெரின் தயாரிப்பை அறிவித்த 1947 கட்டுரையில் சீகர், ஸ்மித், ஹல்ட்குவிஸ்ட். தலைவர் சுப்பாராவ் இல்லை. ஃபார்பர் கட்டுரையின் ஐந்து ஆசிரியர்களிலும் இல்லை. ஆராய்ச்சி செய்த பிள்ளைகள் பெயர் முன்னால் வரட்டும் என்று விட்டுவிடுகிற மனுஷர் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்றைய தேர்வுக் குழு இவர் கட்டுரைப் பட்டியலை எண்ணிப் பார்த்தால் கேன்சர் துறையில் ஒன்றுமில்லை என்று ஃபைலை மூடிவிடும்!

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். அமினோப்டெரினில் ஒரு மெத்தில் குழுவைச் சேர்த்து வந்த மெத்தோட்ரெக்ஸேட்தான் 1956-ல் கோரியோகார்சினோமாவைக் குணப்படுத்தியது. மூட்டுவாத நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை என்று நாம் எழுதித் தருகிற அதே மாத்திரை. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி.யும் அவர் தலைமையில் லெடர்லியில் வந்ததுதான்.

1995-ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது. ஒன்று வாங்கி, பழைய ரெக்கார்டில் அந்த பாஸ்பரஸ் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ரீயூனியனுக்கு எடுத்து வருகிறேன், பாருங்கள்.