கல்லாவும் பசியும்

ஜிம்மில் சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. எடை ஒன்றரை கிலோ ஏறியிருக்கு. :-) அரை மணி நேரம் டிரெட்மில்லில் ஓடிட்டு நேரா எதிர்க்கடைக்குப் போய் ரெண்டு பரோட்டா, சால்னா. "அதான் ஓடியாச்சே"ன்னு மனசு சமாதானம் சொல்லும்.

எங்கப்பாவோ ஒரே கேள்வியில் முடிச்சுட்டார். "ஓடினா பசிக்கும். பசிச்சா நிறைய திம்ப. அப்புறம் எதுக்குடா ஓடணும்?" மளிகைக் கடை கல்லாவில் முப்பது வருஷமா உட்கார்ந்திருக்கிறவர். இப்போ சர்க்கரை வேற. டாக்டர் நடக்கச் சொல்லியும் நடக்கிறதில்லை. அவருக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைச்சது.

அப்பா கேட்டதையேதான் 1940களில் அமெரிக்காவில் பல டாக்டர்களும் சொல்லிட்டிருந்தாங்க. அதைச் சோதிச்சுப் பார்த்தவர் ஜீன் மேயர். பிரான்சில் பிறந்து ஹார்வர்டில் வேலை பார்த்த சத்துணவு விஞ்ஞானி. 1954ல் அவரும் கூட்டாளிகளும் எலிகளை டிரெட்மில்லில் ஓட விட்டாங்க. ஒரு மணி நேரத்துக்கும் மேல ஓடின எலிகள் ஓட்டத்துக்கு ஏற்ற மாதிரி அதிகம் சாப்பிட்டன, எடை மாறலை. அளவு மீறி ஓடினவை களைச்சுப்போய்ச் சாப்பாட்டையே குறைச்சுடுச்சு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் என்னன்னா, இருபது நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஓடின எலிகள், சும்மா கிடந்த எலிகளைவிடக் கொஞ்சம் கம்மியாச் சாப்பிட்டன!

எலி சரி, மனுஷன்? அதுக்கு மேயர் வந்த இடம் நம்ம வங்காளம். கல்கத்தா பக்கத்துச் சணல் ஆலை ஒன்றில், ராய், மித்ரா என்ற இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் கணக்கெடுத்தார். 1956ல் கட்டுரை வெளிவந்தது. மூட்டை தூக்குறவங்க, நிலக்கரி அள்ளுறவங்க, குமாஸ்தாக்கள்னு எல்லா வகை ஆட்களும் அதில் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்தே வியாபாரம் பண்ற கடைக்காரங்களும் உண்டு.

லேசான வேலையிலிருந்து கடும் உழைப்பு வரை, வேலை கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, ஆனா எடை ஏறலை. எதுவுமே செய்யாம உட்கார்ந்திருந்த கடைக்காரங்கதான் கணக்கில் இடிச்சாங்க. லேசான வேலை செய்தவங்களைவிட இவங்க அதிகம் சாப்பிட்டாங்க. எடையும் இவங்களுக்குத்தான் அதிகம்.

அதாவது பசிங்கிற தராசு ஒழுங்கா வேலை செய்யவே கொஞ்சம் அசைவு வேணும். சும்மா உட்கார்ந்தா தராசு முள் பொய் சொல்லுது. இது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு, காரணத்தை நிரூபிக்காதுன்னு பின்னாடி வந்தவங்க சொன்னது நியாயம்தான். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னிக்கும் உயிரோட இருக்கு.

சரி, என் பரோட்டா மேட்டருக்கு வருவோம். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பிளண்டெல் குழுவினர் 1994ல் ஒண்ணு காட்டினாங்க: கடுமையா உடற்பயிற்சி செய்தா கொஞ்ச நேரத்துக்குப் பசி அடங்குது. அடுத்த வருஷம் இன்னொண்ணு: பயிற்சி முடிச்சவங்களுக்குக் கொழுப்பு நிறைஞ்ச சாப்பாடு வச்சா, எரிச்ச கலோரி எல்லாம் திரும்ப வந்துடுது. கொழுப்பு கம்மியான சாப்பாடுன்னா அப்படி ஆகலை. ஆக, என்னைக் கவுத்தது ஓட்டம் இல்லை, சால்னாவில் மிதந்த எண்ணெய். போதாததுக்கு மீதி நேரம் பூரா ஆபீஸ் நாற்காலி. நானும் ஒரு கடைக்காரன்தான், கல்லா மட்டும்தான் இல்லை.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "அந்த வங்காளத்துக் கடைக்காரன் நான்தான்னு சொல்ற, அதானே?"ன்னார். நான் வாயே திறக்கலை.

நேத்து சாயங்காலம் "கடையைப் பாத்துக்க"ன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுக் கோயில் வரை நடந்து போயிட்டு வந்தார். அந்த அரை மணி நேரம் நான் கல்லாவில். கைக்கு எட்டுற தூரத்தில் பொட்டுக்கடலை டப்பா. பசியே இல்லை. ஆனா அப்பா திரும்பி வந்தப்போ டப்பாவில் கால்வாசி காலி!