குறைந்தபட்ச அனுமதி (கடவுச்சொல் மாற்றம்)

சர்வரில் உள்ள பயனர் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்ற, அந்த ஒரு வேலைக்கு வேண்டிய உரிமையை மட்டும் ஒருவருக்குத் தரும் முறை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டால், அதை மாற்றித் தரும் உதவியாளருக்கு முழு நிர்வாகி உரிமை தேவையில்லை. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய பாதுகாப்பு நெறிகளுள் இதன் அடிப்படையும் ஒன்று.

லினக்ஸ்: கடவுச்சொற்களின் மறையீட்டு வடிவம் ‘ஷேடோ’ கோப்பில் இருக்கும். ‘பாஸ்வேர்டு’ கட்டளை ரூட் (முழு நிர்வாகி) உரிமையுடன் இயங்குவதால், சாதாரணப் பயனரும் தம் கடவுச்சொல்லை மாற்றலாம். பிறருடையதை மாற்ற முடியாது. உதவியாளர் அதைச் செய்ய, ரூட் உரிமையுடன் கட்டளையை இயக்கவிடும் ‘சூடோ’ கருவியின் விதியில் அந்தக் கட்டளையை மட்டும் அனுமதிப்பார்கள். எல்லாப் பெயர்களுக்கும் அனுமதித்தால் உதவியாளர் ரூட்டின் கடவுச்சொல்லையே மாற்றி, சர்வர் முழுவதையும் கைப்பற்றலாம். ஆகவே ரூட்டையும், நிர்வாகி உரிமையுள்ள பிற கணக்குகளையும் விலக்கி, மாற்றத்தக்க கணக்குகளைப் பெயர் சொல்லிக் குறிப்பதே பாதுகாப்பு.

விண்டோஸ்: சர்வரின் உள்கணக்குகளுக்குப் பிறர் புதிய கடவுச்சொல் இடும் உரிமை வழக்கமாக நிர்வாகிகள் குழுவுக்கே உண்டு. பவர்ஷெல்லின் ‘ஜஸ்ட் இனஃப் அட்மினிஸ்ட்ரேஷன்’ வசதி, குறித்த கட்டளைகளை மட்டும் திறந்துவிடும். உள்நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தானாக மாற்றும் ‘விண்டோஸ் லாப்ஸ்’ 2023 ஏப்ரலில் இயங்குதளத்துடன் இணைந்தது.

யார், எப்போது, எந்தக் கணக்கை மாற்றினார் என்ற பதிவை, உரிமை பெற்றவர் அழிக்க முடியாத வேறு இடத்தில் வைப்பதும் இம்முறையின் பகுதி.