இந்திய ஊனுண்ணி டைனோசர்களின் வேட்டை

கிரிடேசியஸ் காலத்தின் இறுதியில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலப்பரப்பில் வாழ்ந்த ஊனுண்ணி டைனோசர்களுள் ராஜாசாரஸ், இந்தோசூக்கஸ், இந்தோசாரஸ், ரஹியோலிசாரஸ் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. அவை இரையைக் கொன்ற விதம் மண்டையோடு, பல், கால் எலும்பு, இரையின் எலும்பில் பதிந்த பற்குறி ஆகியவற்றைக் கொண்டே உய்த்துணரப்படுகிறது.

ஆய்வு வரலாறு

இந்தியாவின் முதல் டைனோசர் எலும்புகளை 1828-இல் ஜபல்பூரில் வில்லியம் ஸ்லீமன் கண்டெடுத்தார். அதே ஊரின் பாரா சிம்லா குன்றில் சார்லஸ் மேட்லி அகழ்ந்த எலும்புகளை ஆராய்ந்து, அவரும் ஃபிரெடரிக் ஃபான் ஹியூனேயும் 1933-இல் இந்தோசூக்கஸ், இந்தோசாரஸ் எனப் பெயரிட்டனர். இவற்றின் உறவுமுறை நெடுநாள் தெளிவின்றி இருந்தது. 1985-இல் அர்ஜென்டினாவின் அபெலிசாரஸ் விவரிக்கப்பட்ட பின்னரே, இவையும் கோண்டுவானா என்னும் பழைய தென்பெருங்கண்டத்தின் நிலங்களில் பரவியிருந்த அபெலிசாரிடு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று புரிந்தது.

குஜராத்தின் ரஹியோலியில் 1982 முதல் 1984 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் சேகரித்த எலும்புகளிலிருந்து, ஜெஃப்ரி வில்சன், பால் செரினோ, சுரேஷ் ஸ்ரீவத்சவா, அசோக் சாஹ்னி உள்ளிட்டோர் 2003-இல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் இனத்தை அறிவித்தனர். நெற்றியில் தாழ்ந்த ஒற்றைக் கொம்பு இதன் அடையாளம். ரஹியோலிசாரஸ் 2010-இல் பெயர் பெற்றது.

கொல்லும் முறை

அபெலிசாரிடுகளின் முன்கைகள் மிகச் சிறியவை. இரையைப் பற்ற உதவாதவை. வேட்டையின் சுமை முழுவதும் வாயின்மீதே விழுந்தது. குட்டையான, உயர்ந்த மண்டையோடும் தடித்த கழுத்தும், இரையைக் கவ்வி அது தளரும்வரை விடாமல் பிடித்திருக்க ஏற்றவை. நெருங்கிய உறவான மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பல் மாற்றியது என 2019-இல் வெளியான ஆய்வு கணித்தது. அதன் பற்களின் இடைவெளியோடு பொருந்தும் தடங்கள் தன் இனத்தின் எலும்புகளிலேயே உள்ளன. மஜுங்காசாரஸ் தன்னினத்தையே தின்றது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் பற்குறி தின்றதை மட்டுமே மெய்ப்பிக்கும். தானே கொன்று தின்றதா, பிணத்தைத் தின்றதா என்பதைச் சொல்லாது.

வேட்டையின் நேரடிச் சான்று அரிது. மங்கோலியாவில் 1971-இல் கிடைத்த வெலாசிராப்டர் என்னும் ஊனுண்ணியும் புரோட்டோசெராடாப்ஸ் என்னும் தாவர உண்ணியும் போரிட்ட நிலையிலேயே புதைந்தவை. வெலாசிராப்டரின் நகம் மற்றதன் கழுத்தருகே கிடக்கிறது. இந்தியாவில் இதற்கு அடுத்துவைக்கத்தக்கது, டைனோசர் கூட்டில் முட்டையைச் சுற்றிக் கிடந்த சுமார் 3.5 மீட்டர் நீளமுள்ள சனாஜே பாம்பு. குஜராத்தில் கிடைத்த இதை வில்சன், தனஞ்சய் மொஹபே குழுவினர் 2010-இல் விவரித்தனர். குஞ்சுகளுக்கு ஆபத்து டைனோசர்களிடமிருந்து மட்டும் வரவில்லை என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டில்

தேன்கனிக்கோட்டை வட்டத்து ஜவளகிரி உள்ளிட்ட கிருஷ்ணகிரிப் பகுதியின் நைஸ், கிரானைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகுமுன்பே உருவானதால், அப்பாறைகளில் டைனோசர் எலும்புகள் இருக்க வாய்ப்பில்லை. தேடவேண்டிய நிலம், கிரிடேசியஸ் காலப் பாறைகள் உள்ள அரியலூரின் கல்லமேடு. அங்கு கிடைத்த பேருடல் எலும்புகளை யாதகிரியும் அய்யசாமியும் புருஹத்காயோசாரஸ் எனப் பெயரிட்டு முதலில் ஊனுண்ணியாக வகைப்படுத்தினர்; பின்னர் அது நீள்கழுத்துத் தாவர உண்ணி எனக் கருதப்பட்டது. அவ்வெலும்புகள் சிதைந்து அழிந்துவிட்டதால் மறு ஆய்வுக்கு வழியில்லை. அதே கல்லமேட்டுப் பாறையின் ஒரு சிறு பல்லைக் கொண்டு, ட்ரூடான்டிடு என்னும் சிறிய ஊனுண்ணிக் குடும்பம் இந்தியாவில் வாழ்ந்ததாக 2013-இல் அறிவிக்கப்பட்டது. ஒரு பல்லே இவ்வளவு சொல்லும்போது, கல்லமேட்டு நிலத்தைக் காப்பதும், கிடைப்பதை உடனே பதப்படுத்துவதும் தமிழகத்தின் கடமை.