விளையாட்டாகப் பயமுறுத்தலாமா?

தூங்குகிறவரின் செல்போனை எடுத்து ஒளித்து வைப்பது, தொழுதுவிட்டு வருபவரின் செருப்பை மறைப்பது, கதவுக்குப் பின்னால் நின்று திடீரெனக் கத்துவது என்று நண்பர்களிடமும் வீட்டாரிடமும் நாம் செய்யும் குறும்புகளுக்கு அளவில்லை. அகப்பட்டதும் "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று சொல்லிவிடுவோம். யாருக்கும் நட்டமில்லை என்றே நினைக்கிறோம். மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

நபி (ஸல்) அவர்களுடன் தோழர்கள் சிலர் பயணத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் உறங்கிவிட, இன்னொருவர் போய் அவரிடமிருந்த கயிற்றை எடுத்தார். விழித்தவர் திடுக்கிட்டுப் போனார். அபூதாவூதில் இப்படி வருகிறது. அஹ்மதில் உள்ள அறிவிப்பில் எடுக்கப்பட்டவை அம்புகள். அவர் பதறியதைக் கண்டு கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நபியவர்கள் கேட்க, நடந்ததைச் சொன்னார்கள். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபியவர்கள் அப்போது கூறினார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எதுவும் திருடு போகவில்லை. யாருக்கும் காயமில்லை. எடுத்தவர்கள் கூடவே பயணம் செய்யும் தோழர்கள். கெட்ட எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. அம்புகள் எங்கே என்று தேடியவரின் பதற்றம் சற்று நேரத்தில் தீர்ந்தும் இருக்கும். ஆனாலும் அந்தச் சிறிது நேரப் பதற்றத்தை நபியவர்கள் பொருட்படுத்தினார்கள். இன்று வலம்வரும் பிராங்க் வீடியோக்களில் பார்ப்பவர்களைச் சிரிக்க வைப்பதே அந்தப் பதற்றம்தான். அதைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் பகிர்ந்துவிட்டால், ஒருவர் பயந்த முகம் அவர் மறந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பொருளை ஒளிப்பது பற்றித் தனியாகவே ஹதீஸ் இருக்கிறது. சகோதரரின் பொருளை விளையாட்டாகவும் எடுக்க வேண்டாம், வினையாகவும் எடுக்க வேண்டாம். கைத்தடியை எடுத்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற கருத்தில் அது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம்பெறுகிறது. கைத்தடி என்று சொன்னதைக் கவனியுங்கள். செருப்பும் சாவிக்கொத்தும் எந்தக் கணக்கில் வரும் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவது இதைவிடக் கடுமையானது. கூடப் பிறந்த சகோதரனை நோக்கி இரும்பாயுதத்தை நீட்டினாலும் வானவர்களின் சாபம் உண்டு என்கிறது முஸ்லிமில் உள்ள ஹதீஸ்.

அடுத்தது பொய். "உங்க வாப்பாவுக்கு ஆக்சிடெண்ட், உடனே வாங்க" என்று போன் செய்து, ஓடிவந்தவரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஏப்ரல் முதல் தேதி வந்தால் கேட்கவே வேண்டாம். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுபவனுக்குக் கேடுதான் என்று நபியவர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்ததாக அபூதாவூத், திர்மிதீ இரண்டிலும் காண்கிறோம். பிற்பாடு உண்மையைச் சொல்லிவிட்டோமே என்பது இதற்குப் பதிலாகாது.

கணவன் மனைவிக்குள் நடக்கும் குறும்பில் ஒன்று மட்டும் மிக ஆபத்தானது. திருமணம், தலாக், தலாக்கிலிருந்து மீட்டுக்கொள்வது ஆகிய மூன்றிலும் விளையாட்டும் வினையே என்று அபூஹுரைரா (ரலி) வழியாக வரும் அறிவிப்பு உண்டு. இதன் அடிப்படையில், வேடிக்கையாகச் சொன்ன தலாக்கும் நிகழ்ந்துவிடும் என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. மனைவியை அழவைத்துப் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் முத்தலாக் அனுப்புபவருக்கு நாட்டுச் சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் 2019இல் வந்த சட்டம், மின்னணு வடிவில் சொன்ன முத்தலாக்கையும் செல்லாததாக்கி, 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் வைத்திருக்கிறது.

அப்படியானால் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொள்வதுதான் மார்க்கமா? நபியவர்களின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. சவாரி செய்ய ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகக் குட்டி ஒன்றைத் தருகிறேன் என்றார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் விழித்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அதில் பொய் இல்லை. அவர் கேட்டதும் கிடைத்தது.

குறும்பை ஆதரிப்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது நுஐமான் (ரலி), ஸுவைபித் (ரலி) கதையை. அபூபக்ர் (ரலி) புஸ்ராவுக்கு வணிகம் செய்யப் போனபோது கூடச் சென்ற இவர்களில் ஒருவர் மற்றவரை அடிமை என்று சொல்லி ஒட்டகங்களுக்கு விற்றுவிட்டார் என்பது கதை. விற்றவர் ஸுவைபித் என்கிறது இப்னுமாஜா; நுஐமான் என்கிறது அஹ்மத். அறிவிப்பாளர் வரிசையிலும் பலவீனமானவர் இருக்கிறார். இதை ஆதாரமாக வைத்து யாரையும் பதறவைக்க முடியாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஸாஹிர் (ரலி) சம்பவம் என்று தோன்றுகிறது. அனஸ் (ரலி) அறிவிக்கும் இதனை அஹ்மதிலும் திர்மிதீயின் ஷமாயிலிலும் பார்க்கலாம். ஸாஹிர் பாலைவனவாசி, ஊருக்கு வரும்போதெல்லாம் நபியவர்களுக்கு அன்பளிப்பு கொண்டுவருவார், பார்ப்பதற்கு அழகானவர் அல்லர். ஒருநாள் அவர் சந்தையில் பொருள் விற்றுக்கொண்டிருக்க, நபியவர்கள் பின்னால் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரது, விடுங்கள் என்றார் அவர். இங்கும் ஒரு கணத் திகைப்பு உண்டே என்று கேட்கலாம். ஆனால் அவரிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை. அவரைப் பிடித்திருந்தது அணைப்பு. திரும்பிப் பார்த்து ஆளைத் தெரிந்துகொண்டவர் விலகவில்லை. தம் முதுகை நபியவர்களின் நெஞ்சோடு இன்னும் அழுத்திக்கொண்டார். இந்த அடிமையை வாங்குவார் யார் என்று நபியவர்கள் கூவினார்கள். எல்லோரும் அல்லாஹ்வின் அடிமைகள் என்பதால் அதிலும் பொய்யில்லை. என்னை விற்றால் விலைபோகமாட்டேனே என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடம் அவர் விலைமதிப்பு மிக்கவர் என்று அந்தச் சந்தையிலேயே அவருக்குப் பதில் கிடைத்தது.