சார்க்

ஆங்கிலக் கால்வாயில், நார்மண்டிக் கரையை ஒட்டிய சிறு தீவு. பரப்பு சுமார் 5.5 சதுர கி.மீ.; மக்கள் ஏறத்தாழ 500 பேர். தீவின் இரு பகுதிகளான பெரிய சார்க்கையும் சிறிய சார்க்கையும் இணைப்பது ‘லா கூப்பே’ என்னும் ஒடுங்கிய பாறை முகடு. இருபுறமும் சுமார் 80 மீட்டர் பள்ளம். 1945இல் ஜெர்மானியப் போர்க்கைதிகள் இதன்மேல் கான்கிரீட் பாதை அமைத்தனர்.

கெர்ன்சி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த சார்க், பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்டது. ஆயினும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதியன்று. 1565இல் முதலாம் எலிசபெத், நாற்பது ஆண்களைக் குடியமர்த்திக் காக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் ஹீலியர் டி கார்ட்டரெட்டுக்கு இதை வழங்கினார். அந்த நாற்பது நிலங்களின் உடைமையாளர்களே நெடுங்காலம் தீவின் சட்டமன்றமான ‘சீஃப் ப்ளீஸ்’ அவையில் உரிமையாக அமர்ந்தனர். ஐரோப்பாவின் கடைசி நிலமானிய ஆட்சி என்று சொல்லப்பட்ட இம்முறை, 2008 டிசம்பர் பொதுத்தேர்தலோடு மாறியது. தீவின் தலைவரான ‘சென்யர்’ பதவி மட்டும் நீடிக்கிறது. தீவில் கார்களுக்குத் தடை, டிராக்டர்களுக்கு இல்லை.